கோப்பிப் பேணிக்குள் விழுந்த நட்டுகள்

ஒஸ்லோவில் யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை. பச்சை விளக்கு விழுந்த பிறகும் முன்னால் நிற்கிற கார் நகரவில்லையென்றால் பின்னால் நிற்பவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள். முன்னாலிருப்பவர் கைத்தொலைபேசியை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்தும்வரை ஒரு வரிசையே பொறுமை பழகிக்கொண்டு நிற்கும். என் அப்பா இந்த நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவர். காலையில் வண்டியை எடுக்குமுன் ஹோர்ன் வேலைசெய்கிறதா என்று ஒரு தடவை அமத்திப் பார்ப்பார். அதற்குப் பிறகு நாள் முழுவதும் அதைத் தொடமாட்டார். யாழ்ப்பாணத்துக் குருநகரில் நாங்கள் இருந்த காலத்தில் ஹோர்ன் என்பது பேச்சின் ஒரு பகுதி. நான் வாறன், நீ தள்ளு, எப்பிடிச் சுகம், பொம்பிளை மாப்பிள்ளை பின்னால வருகினம் என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லும். இங்கே அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நீ பிழை செய்துவிட்டாய். இந்த நாட்டில் ஒரே ஒரு நாள் எனக்காக ஹோர்ன் அடித்தார்கள். ஒரு மணித்தியாலம் விடாமல் அடித்தார்கள். அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது மிகவும் சந்தோசமான நாள் என்று எங்கள் வீட்டில் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஒரு கார் கட்டினேன். வாங்கினேன் என்று எழுதவந்து தவறிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். கட்டினேன் என்றுதான் எழுதுகிறேன். துண்டு துண்டாகப் பெட்டிகளில் வருகிற இந்தக் கார்களை இங்கே ‘பிக்கசெத்’ என்பார்கள். இரும்புக் குழாய்களை ஒட்டிச் செய்த ஒரு கூடு, கொஞ்சம் அலுமினியத் தகடு, பை பையாக ஆணிகள். இயந்திரத்தையும் கியர்பெட்டியையும் எங்காவது பழைய காரிலிருந்து நாங்களே கழற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். முடிவில் வருவது கூரையும் கதவும் இல்லாத, இரண்டே இரண்டு பேர் இருக்கக்கூடிய, நிலத்தோடு பதிந்து கிடக்கிற ஒரு சாமான். ஹாடலாண்ட் பக்கம் பண்ணைக் கொட்டில் ஒன்றில், ஒருவர் பாதியில் கைவிட்டிருந்ததை நான் வாங்கினேன். கலியாணம் கட்டிய வருடம் தொடங்கிய வேலை, விவாகரத்தோடு நின்றுபோயிற்று என்று அவர் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார். நான் அப்போது பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம். படிப்பு முழுவதும் கடதாசியிலும் கணினித் திரையிலும் நடந்தது. கையால் தொட்டு எதையாவது இறுக்கவேண்டும் என்று உடம்பு துடித்துக்கொண்டிருந்தது.

ஏன் கார், ஏன் தையல் இல்லை என்று அம்மா கேட்பார். அதற்கு விடை அம்மாவிடமே இருக்கிறது. அப்பா முதலில் நோர்வேக்கு வந்துவிட்டார். நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில். யுத்தத் தடையால் பெற்றோல் வராத காலம். ஒரு நாள் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு பழைய ஒஸ்ரின் கார் கிடைத்தது. அது மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆனால் மண்ணெண்ணெயில் தானாக உயிர்பிடிக்காது. சாரதி பொனற்றைத் திறந்து, சின்னப் போத்தல் ஒன்றிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டார், குழந்தைக்கு மருந்து பருக்குகிற மாதிரி. கார் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, பிறகு ஆடி ஆடி உயிர்பிடித்தது. “நான் பின் சீற்றில செத்துக்கொண்டு கிடக்கிறன், இவள் எஞ்சினுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிக்கிறாள்” என்று அம்மா இன்றும் சொல்லிக் குறைப்படுவார். உண்மைதான். பயத்தைவிட அதிசயம் பெரிதாக இருந்தது. எட்டு வயதில் ஒஸ்லோவுக்கு வந்து இறங்கியபோது, சாவியைத் திருப்பிய உடனேயே முணுமுணுக்காமல் ஸ்டார்ட் ஆகிற கார்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் மாடிவீட்டுக்குக் கீழே வரிசையாக இருக்கும் கராஜ்களில் ஒன்று எங்களுடையது. அப்பா தன்னுடைய காரை இரண்டு குளிர்காலங்கள் வெளியே பனிக்குள் விட்டுவிட்டு அதை எனக்குத் தந்தார். அவருக்கு ஓட்டத்தான் தெரியும். ஸ்பானரின் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து லைற் பிடிப்பார். எனக்கு வேண்டிய இடத்துக்கு வெளிச்சம் வராது. அவருக்குப் பார்க்க ஆசையான இடத்துக்குத்தான் போகும். மற்றவர்களுக்கு அந்தக் கராஜ் ஒரு பகிடி. அம்மாவின் தம்பி றெஜி மாமா டாக்சி ஓட்டுகிறவர்; எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சனத்தின் திருவிழா முதல் செத்தவீடு வரை எல்லாவற்றையும் தானே தலையில் தூக்கிப்போட்டுக்கொள்பவர். கராஜ் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “என்னடி பிள்ளை, சவப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டுறியோ?” என்பார். எங்கள் கட்டடத்திலேயே இருக்கிற றோசி அன்ரி அம்மாவிடம் நேரடியாகவே சொன்னார்: “நகத்துக்குள்ள கிறீஸோட திரிஞ்சா ஆர் இவளைக் கட்டுவான்? கடைசியில அந்தக் காரைத்தான் கட்டோணும்.” 

அந்தக் காரில் ஒரு விசயம் இருக்கிறது. கடைசியில் தேவைப்படும், இப்போதே சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காரில் சிக்னல் போட்டுத் திரும்பினால், ஸ்டியரிங் நேராகும்போது சிக்னல் தானாக அணைந்துவிடும். என்னுடையதில் அந்த ஏற்பாடு கிடையாது. முன் தகட்டில் ஒரே மாதிரியான சின்ன ஆளிகள், அதாவது சுவிட்சுகள், வரிசையாக இருக்கும். இடப்பக்கச் சிக்னலுக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று, கண்ணாடி துடைக்க ஒன்று, விளக்குக்கு ஒன்று. எது எதற்கென்று பெயர் ஒட்டவேண்டும் என்று நினைத்து நினைத்தே நான் ஒட்டவில்லை. கையால் போட்டதைக் கையால்தான் அணைக்கவேண்டும். மறந்தால் ஊர் முழுக்கச் சிமிட்டிக்கொண்டே போகவேண்டியதுதான்.

இப்படிக் கார் கட்டுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. கோடைகாலத்தில் புதன்கிழமை மாலைகளில் ஒரு பெற்றோல் நிலையத்துக்குப் பின்னால் கூடுவார்கள். நான் முதன்முதலாகப் போனபோது, ஒருவரும் என் பக்கம் வந்து நீ எந்த நாடு என்று கேட்கவில்லை. ஒருவர் காரைச் சுற்றி நடந்தார். பிறகு, வெளுத்த காற்சட்டையோடு சரளைக் கல்லில் மல்லாந்து படுத்துக் காருக்குக் கீழே தலையை விட்டார். நான் பதறிப்போய், ஏதாவது ஒழுகுகிறதா என்று கேட்டேன். கனநேரம் கழித்து எழும்பி, முதுகைத் தட்டிக்கொண்டு, “பிரேக் குழாயை நீயே வளைத்தாயா?” என்றார். ஓம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஏதோ பிழை கண்டுபிடித்துவிட்டார் என்று அன்றிரவு நான் கராஜில் அந்தக் குழாயை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். அடுத்த புதன்கிழமைதான் பார்த்தேன், அவர்கள் எல்லோருமே அப்படித்தான். ஒருவரின் வேலையை மதித்தால் அதற்குக் கீழே படுப்பார்கள். மதிக்காவிட்டால் நின்றபடி நல்ல நிறம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

படுத்தவர் பெயர் ஆர்விட். பல் வைத்தியர், தனியாள். ஒரு பச்சை நிறக் காரைக் கன வருடங்களாகக் கட்டி, அதற்கு முந்திய இலையுதிர்காலத்தில்தான் முடித்திருந்தார். அதன் தகடுகள் பெட்டியில் வந்தவை இல்லை. அவரே மரச்சுத்தியலால் தட்டி வளைத்தவை. வெயிலில் நின்று பார்த்தால் எங்கே தட்டினார் என்று தெரியாது. நானும் ஒருநாள் அதற்குக் கீழே படுத்தேன். மேலே இருக்கிற அளவுக்குக் கீழேயும் சுத்தமாக இருந்தது. எழும்பி, “எலும்புகூட அழகாக இருக்கிறது” என்று நொர்ஸ்க் மொழியில் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. எங்களுக்கிடையில் நடந்த நீண்ட உரையாடல்களில் அதுவும் ஒன்று. வீதியில் என் சிக்னல் அணையாமல் சிமிட்டினால், பின்னால் வருகிற ஆர்விட் ஹோர்ன் அடிக்கமாட்டார். கையை மேலே தூக்கி விரல்களை விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டுவார். கண்ணாடியில் அதைப் பார்த்து நான் அணைப்பேன். சங்கத்தில் எல்லோருக்கும் அந்தச் சைகை தெரியும்.

சங்கம் வருடத்துக்கு ஒருமுறை, ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில், புல்வெளி ஒன்றில் கார்க் கண்காட்சி வைக்கும். அது முடிந்த பிறகு, மாலையில் எல்லாக் கார்களும் வரிசையாக மியோசா ஏரிக்கரைப் பழைய வீதியால் ஓடிப்போய் ஒரு கடையில் வாஃப்லர் என்கிற இனிப்பு அப்பம் சாப்பிடுவார்கள். அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியாகப் பதிவான கார் எதுவோ அதுதான் முன்னால் போகும். அந்தக் கோடையில் அது என்னுடையது. “புதுக் கார் முன்னால் போனால், கழன்று விழுகிறதைப் பின்னால் வருகிற நாங்கள் பொறுக்கிக்கொள்ளலாம்” என்று ஆர்விட் சொன்னார். அவர் பகிடி விட்டதை நான் அன்றுதான் கண்டேன். கண்காட்சியில் கிண்ணம் கொடுப்பார்கள் என்று தெரியும். அதில் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. யாருடைய மகள், எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்காத ஒரு வரிசையில், நான் இறுக்கிய ஆணிகளை நம்பி, நான் முன்னால் போகவேண்டும். வாழ்க்கையில் அதற்கு முன் எதையும் நான் அவ்வளவு தெளிவாக விரும்பியதில்லை.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு வரமுடியாது என்று அம்மாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டபோது காரணத்தையும் சொன்னேன். பின்னேரம் போல நீங்களும் அப்பாவும் வந்து பாருங்கோ என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது.

காலையில் புல் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு காருக்கும் முன்னால் கோப்பித்தூள் வந்த ஒரு வெறும் தகரப் பேணி வைத்திருந்தார்கள். வாசலில் நுழைவுச்சீட்டு எடுக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு இரும்பு நட்டுக் கொடுப்பார்கள். எந்தக் கார் பிடிக்கிறதோ அதன் பேணிக்குள் அதைப் போடவேண்டும். சங்கத்தவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. ஆட்கள் மெதுவாக வந்தார்கள், மெதுவாகப் பார்த்தார்கள். என் பக்கத்தில் ஆர்விட்டின் பச்சைக் கார். அவர் மடக்குக் கதிரையில் இருந்து சுடுதண்ணிப் போத்தலில் கொண்டுவந்த கோப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். வயதான நோர்வே மனுசி ஒருத்தி என் காரை இரண்டு தரம் சுற்றிவந்து, போய், மற்றக் கார்களையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நட்டைப் போட்டார். டிங் என்றது. அந்தச் சத்தத்தை நான் இப்போதும் தனியாக எடுத்துக் கேட்க முடியும். பிறகு இன்னொன்று. கொஞ்சம் கழித்து ஆர்விட் எழும்பி வந்து, என்னைப் பார்க்காமல், ஏதோ குப்பை போடுகிறவரைப்போலத் தன்னுடையதை என் பேணிக்குள் போட்டுவிட்டுப் போய் இருந்தார். என்னுடையதை நான் முன்னமே அவருடைய பேணியில் போட்டிருந்தேன். மதியமாகிறபோது என் பேணியின் அடியை நட்டுகள் மூடியிருந்தன. ஆர்விட்டுக்கு அதைவிடக் கூட. அதற்கடுத்தது நானாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த இருக்கலாம் எனக்கு மிகவும் இனிப்பாக இருந்தது.

மதியம் வான் வண்டிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வான்கள். அவற்றுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த ஒரு சின்னப் பேருந்து. கதவுகள் திறந்தன. பூசைக்கு உடுத்த சேலையோடு பெண்கள், கோட்டுப் போட்ட ஆண்கள், கைக்குழந்தைகள், பாய், சட்டி, கிரிக்கெட் மட்டை. நடந்தது என்னவென்று அம்மா பிறகு சொன்னார். அம்மா சும்மா வாய் தவறிச் சொல்ல, றெஜி மாமா பூசை முடிந்த கையோடு மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் அறிவித்திருக்கிறார். அன்றைக்கு வேறொரு ஏரிக்கரைக்குப் போகவிருந்த கோயில் சுற்றுலா அப்படியே இங்கே திரும்பிவிட்டது. வாசலில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பெரித் என்ற சங்கச் செயலாளர் என்னிடம் ஓடிவந்தார். முகம் முழுக்கச் சந்தோசம். “இவ்வளவு பேருக்கும் கட்டுக் கார்களில் ஆர்வமா?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

றெஜி மாமா கைநிறைய நட்டுகளோடு வந்தார். “இதை எங்கை பிள்ளை போடுறது?”

“மாமா, பொறுங்கோ. எல்லாரும் சுத்திப் பார்க்கட்டும். பார்த்திட்டு, பிடிச்ச காருக்குப் போடட்டும்.”

“பிடிச்ச கார் உன்ர தானே.”

“நீங்கள் இன்னும் மற்றதுகளைப் பார்க்கவே இல்லை.”

“பார்த்தா மனம் மாறியிடும். அதுதான் முதலே போடுறம்.”

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து அமத்தினார். “சும்மா இரடி. சனம் வந்ததே பெரிசு.” வரிசை ஒன்று தானாகவே உருவாகிவிட்டது, கோயிலில் காணிக்கை போடுகிற மாதிரி. முதலாவதாக வந்தவர் றோசி அன்ரி. நட்டை நெற்றியில் தொட்டு, பேணிக்குள் போட்டு, “எங்கட பிள்ளை வெல்லோணும்” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. காரை அவர் பார்க்கவே இல்லை. என் கையைத் தூக்கி, கறுத்துப்போன நகங்களைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். இரண்டு குளிர்காலமாக அந்த நகங்களைப் பற்றி ஊர் முழுக்கக் கதைத்த அதே மனுசி. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவரைத் தடுத்திருக்க முடியாது. அந்தக் கை அவ்வளவு இதமாக இருந்தது.

பிறகு டிங் டிங் என்ற சத்தம் நிற்கவில்லை. கொஞ்சத்தில் அதுவும் மாறி, இரும்பின்மேல் இரும்பு விழுகிற மொத்தைச் சத்தமாகிவிட்டது. குழந்தைகளை என் காருக்குள் இருத்திப் படம் எடுத்தார்கள். பெரியவர்கள் ஒருவர் மாறி ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் கீழே குனியவில்லை. காலையில் வந்தவர்கள் காரைப் பார்த்தார்கள். என்னை அவர்கள் கண்டதாகவே தெரியவில்லை. இவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு கார் நின்றது. இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் ஒரே நாளில், ஒரே பேணிக்குள் இல்லை.

ஆர்விட் தன் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். றெஜி மாமா அவரிடம் போய் சாப்பிட ஒரு றோல்ஸைக் கையில் திணித்து, டாக்சியில் கதைக்கிற நொர்ஸ்கில், “இவள் எல்லாத்தையும் தானே கட்டினாள், தெரியுமா?” என்றார்.

“தெரியும்,” என்றார் ஆர்விட்.

“நீங்கள் கட்டியது எது?”

ஆர்விட் பச்சைக் காரைக் கையால் காட்டினார். மாமா அதைச் சுற்றிவந்து பார்த்தார். எங்கள் ஆட்களில் வேறொரு காரைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். திரும்பி வந்து என் காதுக்குள் தமிழில் சொன்னார்: “அந்தாளின்ர கார் நல்லாத்தான் கிடக்கு, பிள்ளை. பாவம், அந்தாளுக்கு ஆக்கள் இல்லை.”

மாமா அதை இரக்கத்தோடுதான் சொன்னார். ஆட்கள் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று எனக்குத் தெரியும். நாங்கள் இந்த நாட்டு விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாளில் மாமா ஒரு வான் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒருவரையும் எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் தன் மகளின் குளிர்ச்சட்டையை எனக்குப் போட்டுப் பொத்தான் பூட்டிவிட்டார். யாரோ ஒருவர் அம்மாவுக்குச் சப்பாத்துக் கொண்டுவந்திருந்தார். அந்த அந்நியர்கள் எல்லோரும் அன்று எங்களுடைய ஆட்கள் ஆனார்கள். அதன்பிறகு யாருக்கு என்ன என்றாலும் வான் நிறையப் போவதுதான் எங்களுக்குத் தெரிந்த முறை. ஆஸ்பத்திரிக்கு அப்படிப் போனோம், பட்டமளிப்புக்கு அப்படிப் போனோம், செத்தவீட்டுக்கும் அப்படித்தான். போய் நின்று, எங்களுடையவர் பக்கம் நிற்பது. அதில் பார்த்து யோசித்து முடிவெடுக்க என்ன இருக்கிறது? குளிர்ச்சட்டையோடு வந்தவர்கள், நான் அதற்குத் தகுதியானவளா என்று பார்த்துவிட்டா தந்தார்கள்?

நட்டுகளை எண்ணவில்லை, நிறுத்தார்கள். வாஃப்லர் மாவு நிறுக்கிற தராசைப் பெரித் மேசைமேல் வைத்தார். ஆர்விட்டின் பேணியை வைத்தபோது முள் கொஞ்சம் நகர்ந்தது. என்னுடையதை வைத்தபோது முள் ஓடி மறுகரையில் இடித்து நின்றது. எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள். சங்கத்தவர்களும் கைதட்டினார்கள்; ஒரே அளவில் தட்டி, ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். மினுக்கிய இயந்திரப் பிஸ்ரன் ஒன்றை மரக்கட்டையில் பூட்டியதுதான் கிண்ணம். நான் மைக்கை வாங்கி, இவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள், என் ஊர்ச் சனம், இந்தப் பரிசு ஆர்விட்டின் காருக்குப் போவதுதான் சரி என்று நொர்ஸ்கில் சொன்னேன். பெரித் சிரித்து, “இவ்வளவு அடக்கம் வேண்டாம்” என்று என் தோளில் தட்டினார். அந்தச் சிரிப்பு மதியம் ஓடிவந்தபோது கண்ட சிரிப்பு இல்லை. ஆர்விட் எழும்பி வந்து கைதந்தார். “சீட்டு எடுத்த எல்லோருக்கும் ஒரு நட்டு. விதி அதுதான்,” என்றார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். அப்பா தன் பூசைக் கோட்டோடு எல்லோருக்கும் முன்னால் நின்று தட்டிக்கொண்டிருந்தார். நான் நொர்ஸ்கில் சொன்னதை நன்றியுரை என்று நினைத்திருக்க வேண்டும்; தட்டுவதை அவர் மட்டும் நிறுத்தவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

பேணிகளை ஒரு வாளிக்குள் கொட்டினார்கள், அடுத்த வருடத்துக்கு. அந்தக் கிழவி போட்டதும், ஆர்விட் போட்டதும், காலையில் விழுந்த மற்றவையும் அந்த இரும்புக் குவியலுக்குள் போயின. என் கார் உண்மையில் எத்தனையாவது என்று எனக்கு இனி ஒருபோதும் தெரியவராது.

அடுத்த வருட அழைப்பில் ஒரு வரி புதிதாக இருந்தது. கிண்ணத்துக்கு இனிச் சங்கத்தவர்களின் நட்டுகள் மட்டுமே நிறுக்கப்படும். யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் போனேன். பச்சைக் கார் நின்ற இடத்தில் வேறொன்று நின்றது. ஆர்விட் அதை விற்றுவிட்டார், அதற்கும் போன வருடத்துக்கும் தொடர்பில்லை என்று பெரித் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். எங்கள் ஆட்களில் ஒருவரும் அந்த வருடம் வரவில்லை. ஒருதரம் வென்றாயிற்றே. பிஸ்ரன் கிண்ணம் எங்கள் வரவேற்பறையில் மாதாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது. வருகிறவர்களுக்கு அம்மா அதைக் கையில் எடுத்துக் கொடுப்பார்.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த மாலையில் புல்வெளி வாசல்தான். வாசலில் இருந்து இடப்பக்கம் திரும்பினால் ஏரிக்கரைப் பழைய வீதி. வலப்பக்கம் திரும்பினால் ஒஸ்லோ. கார்கள் ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. நான் இடப்பக்கச் சிக்னலைப் போட்டுக்கொண்டு, வழக்கப்படி எல்லோருக்கும் முன்னால், வாசலில் நின்றேன். பக்கத்து இருக்கையில் அப்பா. ஒருக்கா ஏறிப் பார்க்கட்டோ என்று கேட்டு ஏறியிருந்தவர், இறங்கவில்லை. றெஜி மாமா வானை விட்டு இறங்கி ஓடிவந்தார்.

“பிள்ளை, கோயில் மண்டபத்தில சாப்பாடு அடுக்கியாச்சு. கேக்கும் சொல்லியாச்சு. நீ முன்னுக்குப் போ, நாங்கள் பின்னால வாறம்.”

“மாமா, இவையோட ஏரிக்கரைக்குப் போகோணும். நான்தான் முன்னால போறது. ஒரு ரெண்டு மணித்தியாலம்…”

“உனக்காகத்தானேடி எல்லாம். நீ இல்லாமல் ஆருக்குக் கேக் வெட்டுறது?”

அப்பா கிண்ணத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பச்சைக் காரைத் திரும்பிப் பார்த்தேன். ஆர்விட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கையை மெதுவாகத் தூக்கி, போ, பரவாயில்லை என்பதுபோல ஆட்டினார். “அடுத்த வருடம்!” என்றார். யாராவது ஒருவர் ஹோர்ன் அடித்திருந்தால், நீ எங்கள் வரிசையில் முன்னால் போகிறவள், எங்கே திரும்புகிறாய் என்று ஒரு தடவை அடித்திருந்தால், நான் இடப்பக்கம் போயிருப்பேன் என்று சில நாட்களில் நினைக்கிறேன். இந்த ஊரில் யாரும் ஹோர்ன் அடிப்பதில்லை.

வலப்பக்கம் திரும்பினேன். கண்ணாடியில் பச்சைக் கார் எனக்கு விட்ட இடத்தை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போனது. அதன் பின்னால் மற்றவை, ஒன்றன்பின் ஒன்றாக. எனக்குப் பின்னால் வான்கள் வரிசையாகச் சேர்ந்துகொண்டன. றெஜி மாமா ஹோர்னில் கையை வைத்தார். மற்ற வான்களும் தொடங்கின. எதிரே வந்த நோர்வே ஆட்கள் பயந்து வேகத்தைக் குறைத்தார்கள், நாங்கள் என்ன பிழை கண்டோம் என்று. கூரையில்லாத காரில் அந்தச் சத்தம் முழுவதும் என் தலையில் விழுந்தது. ஒரு வரிசைக்கு முன்னால் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன், போய்க்கொண்டிருந்தேன்.

கொஞ்சத் தூரம் போனபிறகு அப்பா காற்றுக்கு மேலால் கத்தினார்: “பிள்ளை, இடப்பக்கச் சிக்னல் எரியுது. எங்கையும் திரும்பப் போறியோ?”

“இல்லை அப்பா.”

பேருந்து ஓட்டுகிற மனிதருக்கு அது பொறுக்காது. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானே கையை நீட்டி, பெயர் ஒட்டாத அந்த ஆளிகளில் ஒன்றைத் தட்டினார். கண்ணாடித் துடைப்பான் ஓடத் தொடங்கிற்று. நல்ல வெயில். காய்ந்த கண்ணாடியில் அது கிறீச் கிறீச் என்று இழுத்தது. அப்பா சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்தது. பின்னால் வந்தவர்கள் அதையும் கொண்டாட்டம் என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தார்கள். விரலை விரித்து மூடிக் காட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் மற்றப் பக்கத்தால் போய்விட்டார்கள். என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. அம்மருட் மாடிவீடுகள் தெரிகிறவரைக்கும் அந்தச் சின்ன விளக்கு இடப்பக்கம், இடப்பக்கம் என்று சிமிட்டிக்கொண்டே வந்தது.